கொழுந்தன் சொன்னது பாதி சரி: தசைச் சோர்வு மாத்திரையும் பூச்சிமருந்தும்

டெல்டா மாவட்டமொன்றிலிருந்து 34 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒன்பது மாதங்களுக்கு முன், சாயங்காலமானால் இடது இமை கவிழத் தொடங்கியது. நோட்டுத் திருத்தும்போது ஒரு வரி இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி உள்ளூரில் பத்து வைட்டமின் ஊசி போட்டார்கள். பிறகு கடைசிப் பீரியடில் குரல் மூக்கால் வந்தது. சப்பாத்தி மென்றால் பாதியிலேயே தாடை ஓய்ந்துபோய், மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் என்று உறுதிசெய்தார். மார்பு ஸ்கேனில், எதிர்ப்புசக்தி செல்களைப் பழக்கும் தைமஸ் சுரப்பி வீங்கியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. மாத்திரை தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். கூடவே எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை, உடம்பு ஊதும், சர்க்கரை வரும் என்ற பயத்தில் இவர் தொடங்கவே இல்லை.

“முதல் மாத்திரை போட்ட அன்று முக்கால் மணி நேரத்தில் கண் திறந்தது, மறுபிறவி போல இருந்தது” என்று எழுதுகிறார். சில வாரங்களில், நான்கு மணி நேரத்துக்குள் பலம் வடிந்துவிடுவது தெரிந்ததும், தானாகவே கூட்டிக்கொண்டார். தேர்வு மேற்பார்வை நாளொன்றில் ஒன்பது மாத்திரை. அன்று வயிற்றைப் பிசைந்து ஆறு முறை பேதி. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கெண்டைக்காலில் புழு நெளிவது போலத் துடிப்பு. மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுவலி மாத்திரை வாங்கிப் போட்டதும் வயிறு அடங்கியது. இன்னொரு சமயம் நீர்க்கடுப்புக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்ட இரண்டாம் நாள், தலை வாரக் கை தூக்க முடியவில்லை.

உரக்கடை வைத்திருக்கும் கொழுந்தன் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, “அண்ணி, நீங்க சாப்பிடுற மாத்திரையும் நான் கடையில விக்கிற பூச்சிமருந்தும் உடம்புல ஒரே வேலையைத்தான் செய்யுது” என்று சொல்லியிருக்கிறார். மாமியார் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். வீட்டில் இன்னொரு சிக்கல்: 76 வயது மாமனாருக்கு மறதி நோய். ஒரு வருடமாக டோனெபெசில் சாப்பிடுகிறார். அளவைக் கூட்டியபின் வேட்டி நனைய ஆரம்பித்தது. வேறொரு மருத்துவர் அதற்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். இப்போது மலச்சிக்கல், ராத்திரியெல்லாம் இல்லாத ஆளோடு பேசுகிறார்.

அவர் கேட்பவை: இது விஷமா, உடம்பில் சேருமா? எத்தனை வரை போடலாம்? மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டீராய்டும் ஆபரேஷனும் இல்லாமல் ஓட்டிவிட முடியாதா? மாமனாருக்கு என்ன செய்வது? இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கொழுந்தனைப் பாராட்டிவிடுகிறேன். அவர் படித்தது பொய்யில்லை. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு நாங்கள் சொல்லித்தருவதும் அதுதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சுவர் விளம்பரங்கள் வளர்த்துவிட்ட சொல் அது. உங்கள் நரம்பு நன்றாக இருக்கிறது. தசையும் நன்றாக இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு. அந்த இடத்துக்கு வைட்டமின் ஊசியால் ஒரு பயனும் இல்லை.

வாய்க்கால் பாசனத்தை வைத்தே சொல்கிறேன். நரம்பு, வாய்க்கால். தசை, வயல். நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. இமையைத் தூக்கு, தாடையை அசை என்று மூளை கட்டளை அனுப்பும்போதெல்லாம், நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அந்த இடைவெளியில் திறந்துவிடுகிறது. தசையின் மேலுள்ள ஏற்பிகள் என்ற மடைவாய்கள் வழியாக அது வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் நீர் அங்கேயே நின்றால் அடுத்த கட்டளை கேட்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு வடிகால்: அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, வந்த அசிட்டைல்கோலினை ஓரிரு மில்லிநொடியில் உடைத்துத் தள்ளிவிடும். உடம்பிலுள்ள மிக வேகமான நொதிகளில் அது ஒன்று.

உங்கள் உடம்பே தயாரிக்கும் ஆன்டிபாடிகள் அந்த மடைவாய்களை அடைத்தும் இடித்தும் வைத்திருக்கின்றன. காலையில் வாய்க்காலில் தண்ணீர் நிறைய வருவதால், மிச்சமிருக்கும் மடைகளே போதுமாகிவிடுகிறது. ஒரே தசையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கும்போது ஒவ்வொரு கட்டளைக்கும் வரும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நல்ல உடம்பில் அது தெரியாது. உங்களுக்கு அது கடைசிப் பீரியடில் மூக்குக் குரலாகத் தெரிகிறது.

பைரிடோஸ்டிக்மின் செய்வது ஒன்றே ஒன்று. வடிகாலைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. இருக்கும் நீர் கூடுதல் நேரம் நிற்பதால், இடியாத மடைகள் வழியாக வயல் நனைகிறது. உங்கள் கண் திறந்தது அப்படித்தான். வடிகால் நொதி குளிரிலும் மந்தமாகும். கவிழ்ந்த இமையில் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துத் திறக்கிறதா என்று நாங்கள் பார்ப்பது அதனால்தான். சித்திரை வெயிலில் உங்களுக்குச் சோர்வு கூடுவதற்கும் இதில் பங்கு உண்டு.

விஷமா, மருந்தா

குளோர்பைரிஃபாஸ், புரோஃபெனோஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளும் இதே வடிகாலைத்தான் அடைக்கின்றன. 1995 மார்ச் 20-ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பப்பட்ட சாரின் வாயுவும் அந்தக் குடும்பம்தான். வித்தியாசம், அடைக்கும் பொருளில் இருக்கிறது. உங்கள் மாத்திரை வைக்கோலும் சேறும் வைத்து அடைப்பது போல. மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் தானே கரைந்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் சிமெண்ட் பூசி அடைப்பது போல. நேரமாக ஆக இறுகிவிடும், பிறகு உடம்பு புது நொதியைத் தயாரித்தால்தான் உண்டு. கொழுந்தன் கடையில் கார்போஃபியூரான் குருணை இருந்திருந்தால், அது வேதியியல்படி உங்கள் மாத்திரைக்கு இன்னும் நெருங்கிய சொந்தம், இரண்டும் கார்பமேட். ஆனால் அளவும், உடம்புக்குள் எங்கெல்லாம் போகிறது என்பதும் வேறு. பைரிடோஸ்டிக்மின் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை உடம்பில் சேர்ந்துகொண்டே போகாது. கிரியாட்டினின் பரிசோதனை ஒருமுறை பார்த்துவைத்தால் போதும்.

கொழுந்தனுக்கு இன்னொரு செய்தி. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மி.கி. பைரிடோஸ்டிக்மின் கொடுத்தார்கள். சோமன் என்ற நரம்பு வாயு வந்தால் அது எல்லா வடிகாலையும் சிமெண்ட் போட்டு மூடிவிடும். அதற்கு முன்பே சிலவற்றைச் சேற்றால் மூடிவைத்தால், சேறு கரைந்தபின் அவையாவது மிஞ்சும் என்ற கணக்கு. உங்கள் அரை மாத்திரை அங்கே கவசமாகப் போயிருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் பிறப்பே விஷத்தில்தான். இன்றைய நைஜீரியாவின் கலாபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வகை அவரை விதையைக் கரைத்துக் கொடுத்துச் சோதிப்பார்களாம். மடக்கென்று குடித்தவர் வாந்தியெடுத்துப் பிழைப்பார். பயந்து பயந்து குடித்தவர் செத்துப்போவார். அந்த விதையிலிருந்து 1864-இல் பிரித்தெடுத்ததுதான் ஃபைசோஸ்டிக்மின். 1934-இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், மயஸ்தீனியா நோயாளி ஒருவரைப் பார்த்து, அம்பு நஞ்சான கியூராரே ஏறியவரைப் போலவே இருக்கிறாரே என்று யோசித்தார். கியூராரேக்கு மாற்று ஃபைசோஸ்டிக்மின். அதையே ஊசியாகப் போட்டார். கவிழ்ந்த இமை எழுந்தது. நீங்கள் சொல்லும் மறுபிறவி 90 ஆண்டுகளுக்கு முன் அந்த நோயாளிக்கும் வாய்த்தது.

நம் வயல்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. நல்ல பாம்பு கடித்தவருக்கும் முதலில் இமைதான் கவிழும். அதன் நஞ்சு, உங்கள் ஆன்டிபாடியைப் போலவே மடைவாயில் போய் உட்காருகிறது. அதனால் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் போட்டுப் பார்க்கிறோம்; நியோஸ்டிக்மின் உங்கள் மாத்திரைக்கு அண்ணன். கட்டுவிரியன் நஞ்சு வாய்க்காலின் முனையையே அரித்துவிடுவதால், அங்கே வடிகாலை அடைப்பதால் பெரிய பலனில்லை. ஆபரேஷன் முடிந்து தசைத் தளர்வு மருந்தை இறக்குவதற்கும் மயக்க மருத்துவர்கள் இதே நியோஸ்டிக்மினைப் பயன்படுத்துகிறார்கள். வடிகாலைத் தொடாமல், மடைவாயைத் தானே திறக்கும் மருந்துகளும் உண்டு. கண் அழுத்த நோய்க்கும், கழுத்தில் கதிர்வீச்சு வாங்கி எச்சில் வற்றியவர்களுக்கும் பைலோகார்பின். தடையேதும் இல்லாமலே சிறுநீர்ப்பை சுருங்க மறுப்பவர்களுக்குப் பெத்தனிக்கால். எல்லாவற்றையும் சேர்த்துக் கோலினெர்ஜிக் மருந்துகள் என்கிறோம்.

உங்கள் விஷயத்தில் விஷம் பற்றிய பயம் ஓரிடத்தில் மட்டும் நியாயமானது. வடிகாலில் பாதியை மாத்திரை அடைத்திருக்கும்போது, மிச்சத்தைப் பூச்சிமருந்து அடைக்கக்கூடாது. கணவர் மருந்து அடித்துவிட்டு வந்து கழற்றும் சட்டையை நீங்கள் துவைக்க வேண்டாம். அவரே கையுறை போட்டுத் தனியாக அலசட்டும். மருந்து அடிக்கும் நாளில் வயலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தெளிப்பானும் டப்பாவும் வீட்டுக்குள் வேண்டாம்.

எத்தனை போடலாம்

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். ஒரு மாத்திரை இவ்வளவு நல்லது செய்தால் மூன்று மூன்று மடங்கு செய்யும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வடிகாலை முழுக்க அடைத்துவிட்டு நீரைத் தேக்கினால் பயிர் என்ன ஆகும்? அழுகும். அசிட்டைல்கோலின் வடியாமல் நின்றால் தசையும் அப்படித்தான். முதலில் துடிக்கும், பிறகு கட்டளைக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். மருந்து குறைந்தாலும் சோர்வு, மிஞ்சினாலும் சோர்வு. பல ஆண்டு அனுபவமுள்ள நோயாளிகளே ஏமாறும் இடம் இது. சோர்வாக இருக்கிறதே என்று இன்னொன்று போடுவார்கள், சோர்வு கூடும், இன்னொன்று.

ஒன்பது மாத்திரை போட்ட அன்று உங்கள் உடம்பு தெளிவாக எச்சரித்தது. அசிட்டைல்கோலின் தசைக்கு மட்டும் சொந்தமில்லை. குடல், எச்சில் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, சிறுநீர்ப்பை, மூச்சுக்குழாய், இதயம், கண்பாவை எல்லாம் அதே வாய்க்காலில் பாயும் வயல்கள்தான். தசையின் மடைவாய் நிகோடினிக் வகை. மற்றவை பெரும்பாலும் மஸ்காரினிக் வகை. உங்களுக்கு வந்த பேதியும் எச்சிலும் மஸ்காரினிக் பக்கத்திலிருந்து வந்தவை. கெண்டைக்காலில் நெளிந்தது நிகோடினிக் பக்கத்திலிருந்து வந்தது; அதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

நீங்கள் வாங்கிய வயிற்றுவலி மாத்திரையின் பெயரை எழுதியிருந்தீர்கள், அது டைசைக்ளோமின். மஸ்காரினிக் மடைகளை மட்டும் மூடும் மருந்து. அதனால் பேதி நின்றது. ஆனால் தசையில் மருந்து மிகையானது அப்படியே இருந்தது. தீ அணையாமல் புகை மட்டும் மறைந்தது போல. வயிற்றுத் தொல்லைக்கு உங்கள் நரம்பியல் மருத்துவரே கிளைக்கோபைரோலேட் போன்ற ஒன்றை அளவறிந்து சேர்க்கலாம். அது வேறு, நீங்களாகக் கடையில் வாங்குவது வேறு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சேர்த்துக்கொண்டாலே பலருக்குப் பிசைவு குறைகிறது.

நாளைக்கு 450 மி.கி., அதாவது ஏழரை மாத்திரை, என்பதைப் பொதுவாக மேல் வரம்பாக வைத்துக்கொள்கிறோம். அதைத் தாண்டினால் பெரும்பாலோருக்குப் பலன் கூடுவதில்லை, தொல்லைதான் கூடுகிறது. வரம்பு அதுவென்றாலும் உங்களுக்கான அளவு அதில்லை. மூன்று மாத்திரை போதவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, நேரத்தை. மாத்திரை அரை மணி முதல் முக்கால் மணியில் வேலை தொடங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், கடைசிப் பீரியடுக்கு முக்கால் மணி முன்பும் விழும்படி அதே மருந்தைப் பிரித்துப்போட்டால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்களாக மாற்றாதீர்கள். அவர் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நான் பார்ப்பது உங்கள் கையெழுத்தை.

மூச்சுக்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் நொடிக்கு இரண்டு எண் வேகத்தில் உரக்க எண்ணுங்கள். நல்ல நாளில் எவ்வளவு வருகிறது என்று குறித்துவையுங்கள். 20-ஐத் தாண்டவில்லை, தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, இருமக்கூடத் தெம்பில்லை என்றால், 108-ஐ அழைத்து வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இந்த நோயில் அந்த எண் கடைசியில்தான் இறங்கும். அந்த நேரத்தில் கூடுதல் மாத்திரையும் வேண்டாம். மருந்து குறைவா, மிகையா என்று பிரித்தறிவது எங்கள் வேலை.

ஸ்டீராய்டும் ஆபரேஷனும்

பைரிடோஸ்டிக்மின் மடையை இடிப்பவர்களைத் தடுக்காது. நீரை நிறுத்திவைக்கும், அவ்வளவே. நீங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போக நேர்ந்ததற்குக் காரணம், இந்த ஒன்பது மாதமும் இடிப்பு தடையில்லாமல் நடந்துகொண்டிருப்பதுதான். அதை நிறுத்துவது ஸ்டீராய்டு, அசாதையோபிரின் போன்ற எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகளும், தைமஸ் அறுவையும்.

ஸ்டீராய்டு பற்றிய பயம் மூடநம்பிக்கை இல்லை. எடை கூடும், சர்க்கரை ஏறலாம், எலும்பு தேயலாம். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, வேலை செய்ததும் மெல்லக் குறைக்கிறோம். அந்தச் சுமையைப் பங்குபோட அசாதையோபிரின் சேர்க்கிறோம். உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் சிலருக்குச் சோர்வு கூடலாம். அதைப் பார்த்துவிட்டு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். தொடங்கும் நாளை விடுமுறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழகியபின் ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

தைமஸ் விஷயத்தில் நான் உங்கள் மருத்துவர் பக்கம். மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமஸில் கட்டியே இருக்கும். அப்படியென்றால் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டி இல்லாத வெறும் வீக்கமாக இருந்தாலும், உங்களைப் போல ஏற்பி ஆன்டிபாடி உள்ளவர்களுக்குத் தைமஸை எடுத்தால் நோய் தணிவதோடு ஸ்டீராய்டு தேவையும் குறைகிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வொன்று 2016-இல் காட்டியது. ஸ்டீராய்டைத் தவிர்க்க ஆபரேஷனையும் தவிர்க்கிறேன் என்பது நேர்மாறான கணக்கு. பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். மறுநாளே மாத்திரை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடும், பள்ளி ஊழியர் காப்பீட்டு எண்ணோடும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள்.

மாமனாரின் இரண்டு மாத்திரைகள்

டோனெபெசிலும் ஆக்ஸிபியூட்டினினும் ஒன்றுக்கொன்று எதிரானவையோ என்று நீங்கள் கூகுளில் பார்த்துச் சந்தேகப்பட்டது சரி. இந்தக் கடிதத்திலேயே எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான். கோபம் உங்கள் மேல் இல்லை.

அல்சைமர் நோயில், மூளையில் அசிட்டைல்கோலின் தயாரிக்கும் செல்கள் அழிகின்றன. டோனெபெசில் மூளைக்குள் நுழைந்து அங்குள்ள வடிகாலை அடைக்கிறது. நோயை நிறுத்தாது. சிலருக்குச் சில காலம் பேச்சும் கவனமும் கொஞ்சம் தெளியும். ஆனால் சிறுநீர்ப்பைக்கும் அதே வாய்க்கால்தானே? அளவைக் கூட்டியதும் வேட்டி நனைந்தது அதனால் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அதை மருந்தின் விளைவென்று பார்க்காமல் புது நோயென்று பார்த்து, எதிர்த்திசை மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிபியூட்டினின் அசிட்டைல்கோலினின் மடையை மூடுகிறது. ஒரு மருந்து மூளையில் நீரைத் தேக்குகிறது. மற்றது மூளையிலேயே மடையை அடைக்கிறது. குடலும் வறண்டுபோகிறது. இதே மடையை மூடும் ஊமத்தங்காயைத் தின்றவர் காற்றில் எதையோ பிடிப்பதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் இருப்பார்கள். உங்கள் மாமனார் இல்லாத ஆளோடு பேசுவது அதன் லேசான வடிவமாக இருக்கலாம்.

இதை நான் முதலில் கற்றது மறதி நோயாளிகளிடம் இல்லை. பயிற்சிக் காலத்தில் விஷ வார்டில், பூச்சிமருந்து குடித்து வந்தவர்களுக்கு, மஸ்காரினிக் மடையை மூடும் அட்ரோபின் ஏற்றிக்கொண்டே இருப்போம். நெஞ்சிலுள்ள சளி வற்றும்வரை ஏற்ற வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் அதே ஆள் விடிய விடிய போர்வையில் பூச்சி பொறுக்குவார். ஒரே வாய்க்காலின் இரண்டு கரைகளையும் ஒரே கட்டிலில் பார்த்த நாட்கள் அவை.

இரண்டு மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு சீட்டுகளையும், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, டோனெபெசில் எழுதியவரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள். சளிக்கு வாங்கிய குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு யாரோ கொடுத்த அமிட்ரிப்டிலின் இருந்தால் அவையும் மடையை மூடும் கூட்டம்தான். அவரிடம் கேட்க வேண்டியவை: ஆக்ஸிபியூட்டினினை எப்படி நிறுத்துவது, டோனெபெசிலை 10-லிருந்து 5 மி.கி.க்கு இறக்கலாமா, சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் பார்த்தாயிற்றா, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்கி வழிகிறதா. கடைசியாகச் சொன்னது உண்மையென்றால் ஆக்ஸிபியூட்டினின் ஆபத்து. சிறுநீருக்கு மருந்து தேவைதான் என்றால், இந்த வாய்க்காலைத் தொடாத மிராபெக்ரான் போன்றவை இருக்கின்றன. டோனெபெசில் இதயத்தையும் மெதுவாக்கும். தலைசுற்றி விழுந்திருந்தால் இசிஜி எடுக்காமல் தொடரக்கூடாது. கெட்ட கனவு வருகிறதென்றால் மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

உங்கள் மாத்திரையும் அவர் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம். மாற்றிப் போட்டுவிட்டால் சிக்கல்: டோனெபெசில் ஒருமுறை உடம்பில் ஏறினால் பாதி வெளியேறவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்.

இரண்டாவது குழந்தையும், பர்ஸில் ஓர் அட்டையும்

பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இப்போதே வேண்டாம். நோய் அடங்காத நிலையில் கர்ப்பமானால், முதல் மூன்று மாதத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் நோய் கிளம்ப வாய்ப்பு அதிகம். தைமஸ் அறுவை வேண்டுமென்றால் அதை முன்பே முடித்துக்கொள்வது நல்லது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைக் கர்ப்பத்திலும் தொடரலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் இப்போதே குழந்தை ஆசையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. உங்கள் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போவதால், பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கத் தெம்பில்லாமல் இருக்கும். சில வாரங்களில் தானே சரியாகிவிடும். ஆனாலும் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அலர்ஜி இல்லை. அந்த வகை மருந்து, ஏற்கெனவே நலிந்திருக்கும் நரம்பு–தசைச் சந்திப்பை இன்னும் அடக்கிவிடுகிறது. அடுத்த முறை நீர்க்கடுப்பு வந்தால் பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்திலிருந்து பொருத்தமானதைத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் இதை வாயால் விளக்க உங்களால் முடியாது. குரல் போன நாளில் சுத்தமாக முடியாது. அதனால் ஒரு அட்டையில் கீழுள்ளதை எழுதி, மருத்துவரிடம் காட்டித் தேதியோடு கையெழுத்து வாங்கி, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும்.

எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ். பைரிடோஸ்டிக்மின் சாப்பிடுகிறேன், கடைசியாகப் போட்ட நேரம் கேளுங்கள்.

நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், அமிகாசின், அசித்ரோமைசின், குளோரோகுயின், புரோப்ரனலால், டிமோலால் கண் சொட்டு, நரம்பு வழி மெக்னீசியம்.

மயக்க மருந்து தருவதற்கு முன் மயக்க மருத்துவருக்கு இந்த அட்டையைக் காட்டவும்.

பிரசவத்தில் வலிப்பு வந்தால் எல்லா லேபர் வார்டிலும் முதலில் எடுப்பது மெக்னீசியம் சல்பேட்தான். அதனால் அந்த ஒரு பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.